இடுப்பு நோவைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இந்த மைதானத்தில் வலைப்பந்து விளையாடிய நாம், இன்று வந்ததும் கதிரை தேடுகிறோம். வயதாகிவிட்டது என்று சிரிக்கிறோம். ஆனால் நம்மில் சிலருக்கு அந்த நோவு இருபதுகளிலேயே தொடங்கியிருக்கும். கற்பிட்டி முதல் சிலாபம் வரை, உப்பளத்திலும் கருவாட்டு வாடியிலும் குந்தியிருந்து வேலை செய்யும் பெண்கள், தொடை இடுக்கில் வரும் நோவை "வாயு" என்று எண்ணெய் தடவிச் சமாளிக்கிறார்கள். எல்லா நோவும் வாயு அல்ல.

தொடை எலும்பின் பந்து, இடுப்புக் கிண்ணத்துள் அமர்ந்திருக்கிறது. சிலருக்கு அந்தக் கிண்ணம் ஆழமாக வளர்வதில்லை. பெண்களிலேயே இது அதிகம். கிண்ணம் பந்தை மூடும் கோணத்தை எக்ஸ்ரேயில் அளப்போம். 25 பாகைக்கு மேல் இயல்பு, 20க்குக் கீழ் தெளிவான குறைபாடு, இடைப்பட்டது இலேசானது.

இலேசானதென்றால் உடனே கத்தி வேண்டாம். இயன்மருத்துவரிடம் இடுப்புத் தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சியைச் சில மாதங்கள் செய்வோம். உடல் எடையைக் கவனிப்போம். குந்தியிருப்பதைக் குறைப்போம்.

அதற்கும் அடங்காவிட்டால் மூன்று வழிகள் உண்டு. ஒன்று, சிறு துளையிட்டுக் கிழிந்த விளிம்புச் சவ்வைத் தைப்பது. கிண்ணத்தின் ஆழக்குறைவு அப்படியே இருப்பதால், இது மட்டும் எல்லோருக்கும் போதாது. சிலருக்கு நிலைமை மோசமாகலாம். இரண்டு, கிண்ணத்தைச் சுற்றி எலும்பை வெட்டி, பந்தை நன்றாக மூடும்படி திருப்பித் திருகாணியால் பொருத்துவது. 1984இல் சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகரில் றைன்ஹோல்ட் கான்ஸ் இதைத் தொடங்கினார். பெரிய சத்திரசிகிச்சைதான், பல வாரங்கள் ஊன்றுகோல் வேண்டும். ஆனால் சொந்த மூட்டு தப்பும். பின்னர் பிள்ளை பெறவும் தடையில்லை. மூன்று, செயற்கை மூட்டு. குருத்தெலும்பு தேய்ந்தவர்களுக்கு இது நல்ல தீர்வு. இளவயதில் பொருத்தினால், பின்னொரு நாள் மாற்ற நேரலாம்.

இரண்டாவது வழி குருத்தெலும்பு தேயுமுன்னரே திறந்திருக்கும். பொறுத்துப் பொறுத்து நாம் இழப்பது அந்தக் காலத்தைத்தான். வைத்தியர்களாகிய எம்மிலும் தவறுண்டு: முதுகை மட்டும் படம் பிடித்து, மாத்திரை எழுதி அனுப்பிவிடுகிறோம். ஆகவே, தொடை இடுக்கு நோவு மாதக்கணக்கில் நின்றால், இடுப்பையும் எக்ஸ்ரே எடுக்கும்படி கேளுங்கள். எலும்பியல் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்பும்படியும் கேளுங்கள்.

நம் பேரப்பிள்ளைகளின் கால்களை நீட்டி இறுக்கிச் சுற்ற வேண்டாம். அம்மம்மாமாரும் உம்மம்மாமாரும் பிள்ளையைக் கால் அகல இடுப்பில் வைத்துத் தூக்கிய வழக்கமே நல்லது.

படிக்கும் காலத்தில் கை உயர்த்திக் கேள்வி கேட்க இப்பள்ளி நமக்குப் பழக்கியது. நம் உடம்புக்காகவும் கேட்போம்.