எல்லாருக்கும் ஒரே விதிதானே?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



இடஒதுக்கீடு என்று பேச்செடுத்தாலே, "எல்லாருக்கும் ஒரே விதி வச்சா போதாதா, தனியா எதுக்கு?" என்று நம்ம குழுவிலேயே கேட்கிறாங்க. நியாயமான கேள்விதான். அதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறோம்.

அங்கே வட கரோலினா மாநிலத்தில் டியூக் பவர் என்ற கம்பெனியின் மின் நிலையம். வேலை செய்தவர்கள் 95 பேர், அதில் கறுப்பர்கள் 14 பேர். 1965 வரை கறுப்பர்களுக்குக் கூலிப் பிரிவு மட்டும்தான். அந்தப் பிரிவில் அதிகமாகச் சம்பளம் வாங்கியவரும், மற்ற பிரிவில் ரொம்பக் குறைவாக வாங்கிய வெள்ளைக்காரரை விடக் குறைவாகத்தான் வாங்கினார்.

வேலையில் நிற வேற்றுமை பார்க்கக் கூடாது என்ற சட்டம் 1965 ஜூலை 2-ல் அமலுக்கு வந்தது. அதே நாளில் கம்பெனி புது விதி போட்டது. கூலிப் பிரிவைத் தவிர மற்றதில் புதுசா சேர, பள்ளிப் படிப்பு முடித்த சான்றிதழ் வேணும், இரண்டு தேர்விலும் தேறணும். வெள்ளைக்காரருக்கும் இதே விதிதான். பார்த்தால் தப்பே தெரியாது, இல்லீங்களா?

ஆனால் 1960 கணக்கெடுப்பின்படி, அந்த மாநிலத்தில் பள்ளிப் படிப்பு முடித்த வெள்ளை ஆண்கள் 100-க்கு 34 பேர். கறுப்பு ஆண்கள் 12 பேர்தான். தனிப் பள்ளிக்கூடம் என்று ஒதுக்கி, மட்டமான படிப்பைக் கொடுத்த பலன் அது. இதில் வேடிக்கை என்னன்னா, சான்றிதழ் இல்லாமல் முன்பே சேர்ந்த வெள்ளைக்காரர்கள் அதே வேலையை நன்றாகத்தான் செய்துகொண்டிருந்தார்கள்!

13 கறுப்புத் தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1971-ல் உச்ச நீதிமன்றம் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னது. கெட்ட எண்ணம் இல்லை என்று சொன்னால் போதாது. அந்த வேலைக்குத் தேவையில்லாத விதி ஒரு கூட்டத்தையே வெளியே நிறுத்தினால் அது செல்லாது என்றது. இப்படி ஆள் மனசில் இல்லாமல் விதியிலும் வழக்கத்திலும் ஒளிந்திருக்கிற வேற்றுமையைத்தான் 'நிறுவன இனவெறி' என்கிறார்கள்.

அதைச் சரிக்கட்டத்தான் அங்கே கறுப்பர்களுக்குச் சில முன்னுரிமைகள் வந்தன. கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை 2023-ல் அதே உச்ச நீதிமன்றம் நிறுத்திவிட்டது. எங்களுக்கு இது சரியாகப் படவில்லை. பள்ளம் மூடாமலே பாதை சமம் என்றால் எப்படி?

இப்போ நம்ம தீர்மான நோட்டுக்கு வருவோம். கணக்கு எழுதுகிறவருக்கு எழுதப் படிக்கத் தெரியணும், சரி. வங்கிக்குப் போய்வரும் பிரதிநிதிக்கும் பத்தாம் வகுப்பு எதுக்கு? அந்த விதியால் எந்தத் தெருப் பெண்கள் இதுவரை பிரதிநிதி ஆகவே இல்லை? அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் பழைய பிரதிநிதிகள் பெயரைத் தெருவோடு எழுதிக் கொண்டு வாங்க.