பூட்டாத காரும் தூங்காத பேட்டரியும்



ஈப்போவில் எனக்கு நண்பர் ஒருவர் இருக்கிறார். ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வீட்டு முன்கேட்டைப் பூட்டுவார்; ஆனால் உள்ளே நிற்கும் காரைப் பூட்டவே மாட்டார். ஏன் என்று கேட்டால், "பூட்டினால் அந்தச் சிவப்பு விளக்கு இரவெல்லாம் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. பேட்டரி வீணாகிறதே! கேட்டுக்குள் நிற்கும் காரை யார் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள்?" என்பார்.

ஒரு நாள் விடியற்காலை மூன்று மணி. அவருடைய மனைவிக்கு மூச்சுத் திணறல் வந்துவிட்டது. மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து காரில் உட்கார வைத்தார். எஞ்சினைக் கிளப்பினார். "டக், டக்" என்று சத்தம் வந்தது. அவ்வளவுதான். மூன்று நாளாக வெளியே எடுக்காத கார் அது. நல்ல வேளை, பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் எழுந்து வந்து தம் காரில் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தார். அந்த அம்மையார் இன்று நலமாக இருக்கிறார்.

நேயர்களே, பேட்டரியைக் காப்பாற்றத்தான் நண்பர் காரைப் பூட்டாமல் விட்டார். ஆனால் பேட்டரிதான் அவரைக் கைவிட்டது. இது எப்படி நேர்ந்தது? இன்று இதைத்தான் சற்று ஆராய்ந்து பார்க்கப் போகிறோம்.

நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நம் வீடுகளில் இருந்த கார்களை எண்ணிப் பாருங்கள். கதவுப் பூட்டு என்பது சாவியால் திருகும் வெறும் இரும்புப் பொறி. பூட்டினாலும் பூட்டாவிட்டாலும் பேட்டரிக்கு அதனால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. விளக்கை அணைக்க மறந்தால்தான் வம்பு.

இன்றைய கார் அப்படிப்பட்டதன்று. அதற்குள் சிறு சிறு கணினிகள் பல இருக்கின்றன. கதவுக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று, வானொலிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் கதவைத் திறந்ததும் இவை விழித்துக்கொள்கின்றன. நாம் இறங்கிக் கதவைப் பூட்டியதும், "முதலாளி போய்விட்டார், இனி வேலை இல்லை" என்று ஒவ்வொன்றாகத் தூங்கப் போகின்றன. எல்லாம் அடங்குவதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம். சில கார்களில் அரை மணி நேரம்கூட ஆகலாம்.

அப்படியானால் பூட்டாத கார் தூங்கவே தூங்காதா? இங்கேதான் கவனம் வேண்டும். பெரும்பாலான கார்கள், பூட்டாவிட்டாலும், சற்று நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தாமாகவே உறங்கிவிடும். ஆனால் சில வகைக் கார்களில், பூட்டும் கட்டளை கிடைக்கும் வரை சில கருவிகள் விழித்தே இருக்கும். நண்பருடைய கார் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

பட்டறைக்காரர் மின்னோட்டம் அளக்கும் கருவியைப் பொருத்திப் பார்த்தார். பூட்டாமல் நின்ற கார் 400 மில்லி ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தது. பூட்டிவிட்டு இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால், வெறும் 30 மில்லி ஆம்பியர்!

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். அந்தக் காரின் பேட்டரி 45 ஆம்பியர் மணி கொள்ளளவு உடையது. 400 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 9.6 ஆம்பியர் மணி செலவாகும். இரண்டரை நாளுக்குள் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். 30 மில்லி ஆம்பியர் என்றாலோ, ஒரு நாளைக்கு முக்கால் ஆம்பியர் மணிகூட ஆகாது. பாதி தீருவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும்.

சரி, நண்பர் அஞ்சிய அந்தச் சிவப்பு விளக்கு எவ்வளவு குடிக்கிறது? அது விட்டுவிட்டு எரியும் மிகச் சிறிய விளக்கு. சராசரியாக ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர்தான் அதன் செலவு. அரிசி மூட்டையில் எலி ஓட்டை போட்டிருப்பதைக் கவனிக்காமல், எறும்பைத் துரத்திய கதையாக அல்லவா ஆயிற்று!

"இத்தனை நாள் கார் நன்றாகத்தானே ஓடியது?" என்று நண்பர் கேட்டார். காரணம் எளிது. அவர் நாள்தோறும் சந்தைக்கும் கோயிலுக்கும் ஓட்டிக்கொண்டிருந்தார். இரவில் இழந்ததைப் பகலில் எஞ்சின் ஈடு செய்தது. மூன்று நாள் வருமானம் நின்றதும் பை காலியாகிவிட்டது. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, வாரக்கணக்கில் ஓடாமல் நின்ற கார்கள் பலவற்றுக்கும் இதே கதிதான் நேர்ந்தது.

நம் நாட்டு வெப்பமும் பேட்டரிக்குப் பகையே. குளிர் நாடுகளில் ஐந்தாறு ஆண்டு உழைக்கக்கூடிய பேட்டரி, இங்கே இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடுகிறது. தளர்ந்த பேட்டரிக்குச் சிறு கசிவும் பெரிய சுமை.

காரைப் பூட்டச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நேயர்களே, இதைத் தயவுசெய்து மனத்தில் இருத்துங்கள். பூட்டாத கார், குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டு வீடு. ஒளிந்து விளையாட உள்ளே புகுந்த பிள்ளைக்குத் திரும்பக் கதவைத் திறக்கத் தெரியாமல் போகலாம். வெளியே 32 டிகிரி வெயில் இருந்தால், மூடிய காருக்குள் அரை மணி நேரத்தில் 45 டிகிரியைத் தாண்டிவிடும். பிஞ்சு உடல் அதைத் தாங்காது. பேட்டரி போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். பிள்ளையை எங்கே போய் வாங்குவது?

ஆகவே, நாம் செய்ய வேண்டியவை என்ன?

காரை விட்டு இறங்கியதும் எல்லாக் கதவுகளும் பின்பெட்டியும் சரியாக மூடியிருக்கின்றனவா என்று பாருங்கள். அரைகுறையாக மூடிய கதவு உள்விளக்கை எரிய விட்டுவிடலாம். பிறகு, வீட்டு வாசலில் நின்றாலும் காரைப் பூட்டுங்கள்.

சாவியைப் பையில் வைத்தபடியே கதவைத் திறக்கும் வகைக் காரானால், அந்தச் சாவியைக் காருக்கு மிக அருகில் சுவரில் மாட்டி வைக்காதீர்கள். சில கார்களை அது அடிக்கடி எழுப்பிக்கொண்டிருக்கும். சில மீட்டர் தள்ளி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

முன்கண்ணாடியில் படம் பிடிக்கும் கருவி பொருத்தியிருந்தால், கார் நிற்கும்போதும் அது இயங்குகிறதா என்று பாருங்கள். பல நாள் எடுக்காமல் விடுவதாக இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள்.

வாரம் ஒரு முறையாவது காரை அரை மணி நேரம் சாலையில் ஓட்டுங்கள். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் எஞ்சினை உறும விடுவது போதாது.

பேட்டரிக்கு வயது இரண்டாகிவிட்டால் பட்டறையில் சோதிக்கச் சொல்லுங்கள். இரவு முழுதும் ஓய்ந்திருந்த நல்ல பேட்டரி காலையில் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். 12.2 வோல்ட் என்றால் பாதிதான் மிச்சம் என்று பொருள். பூட்டியும் பேட்டரி இறங்கினால், கசிவு வேறெங்கோ இருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். புதுப் பேட்டரி மட்டும் போட்டுப் பயனில்லை.

நண்பர் இப்போது நாள்தோறும் காரைப் பூட்டுகிறார். சிவப்பு விளக்கு கண் சிமிட்டும்போது, "அது தூங்கப் போகிறது, நாமும் தூங்கப் போகலாம்" என்று மனைவியிடம் சொல்கிறாராம். நீங்களும் இன்றிரவு ஒரு முறை வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்களேன்.