விரல் நுனி ரத்தமும் வீட்டுக் கருவி காட்டும் எண்ணும்

(வாரியத்தின் நலவாழ்வு நாளில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



நீரிழிவு பற்றிப் பேச வேண்டும் என்று ஏற்பாட்டாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். சோற்றைக் குறையுங்கள், தினமும் நடந்து பழகுங்கள், தே தாரிக்கில் பாலையும் சீனியையும் குறைக்கச் சொல்லுங்கள் என்றெல்லாம் கேட்டுக் கேட்டு உங்களுக்குக் காது புளித்திருக்கும். ஆகவே இன்று ஒரே ஒரு பொருளைப் பற்றி மட்டும் பேசலாம் என்று நினைக்கிறேன். உங்களில் பலர் வீட்டில் இருக்கிறதே, இனிப்பு நீர் பார்க்கும் சிறிய கருவி, குளுக்கோமீட்டர், அது காட்டும் எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம்? இதுதான் என் பேச்சு.

நான் மருத்துவர் அல்லன். மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் ரத்தக் குழாய்களோடு காலம் கழித்தவன். எந்த மருந்து எவ்வளவு என்று என்னிடம் கேட்காதீர்கள். அளவெடுப்பதைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

மலேசியாவில் 2019ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகத் தெரிய வந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த விழுக்காடு 15.6 ஆக இறங்கியது என்பது ஆறுதல்தான். என்றாலும் இந்த மண்டபத்தில் வரிசைக்கு இரண்டு மூன்று பேராவது விரலைக் குத்திப் பார்க்கிறவர்களாக இருப்பீர்கள். அந்த எண்ணைப் பார்த்துத்தான் சிலர் இன்சுலின் ஊசியின் அளவைக் கூட்டுகிறார்கள், குறைக்கிறார்கள். எண் தவறினால் ஊசியும் தவறும். சீனி கூடினால் உடல் மெல்லக் கெடும். சீனி ஒரேயடியாக இறங்கினாலோ ஆள் மயங்கி விழுவார், தூக்கத்திலேயே உயிர் போவதும் உண்டு. அதனால்தான் இதைச் சிறிய விஷயமாக நான் கருதுவதில்லை.

1970ஆம் ஆண்டுவாக்கில் அமெரிக்காவில் வெளிவந்த முதல் கருவி ஒரு கிலோவுக்கும் மேல் எடை உள்ளது. மருத்துவர்களுக்கு மட்டுமே விற்றார்கள். பட்டையில் ரத்தத்தை வைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, தண்ணீரால் கழுவி, அதன் நிறத்தை அந்தக் கருவி படித்தது. இன்றைய கருவிகளில் பெரும்பாலானவை நிறத்தைப் படிப்பதில்லை. பட்டையின் நுனியில் என்சைம் என்னும் நொதிப்பொருளைத் தடவியிருக்கிறார்கள். அது ரத்தத்தில் உள்ள குளுக்கோஸோடு வினைபுரிய, அதனால் மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகிறது. அந்த மின்னோட்டத்தைத்தான் கருவி எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. ஆகவே அளப்பது உண்மையில் பட்டைதான். மக்கள் கருவியைத் துணி சுற்றிப் பாதுகாப்பார்கள், பட்டை டப்பாவை மூடாமல் அடுப்புப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள்!

சரி, நல்ல கருவி, நல்ல பட்டை, முறையாகப் பார்த்தால் எவ்வளவு துல்லியம்? இதற்கு ஐ.எஸ்.ஓ. 15197 என்ற அனைத்துலகத் தரம் ஒன்று இருக்கிறது. 2003ஆம் ஆண்டுத் தரம் 20 விழுக்காடு வரை கூடவோ குறையவோ இடம் கொடுத்தது. 2013இல் அதை இறுக்கினார்கள். ஆய்வுக்கூடத்தின் அளவு 5.55 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் என்றால், கருவியின் எண் 15 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் 0.83 மில்லிமோலுக்குள் இருக்க வேண்டும். அதுவும் நூற்றுக்கு 95 தடவை இருந்தால் போதும்.

இதைக் கணக்காகப் பார்ப்போம். உங்கள் ரத்தத்தில் உண்மையான அளவு 10 என்றால், கருவி 8.5 என்று காட்டலாம், 11.5 என்றும் காட்டலாம். இரண்டும் தரத்துக்கு உட்பட்டவையே. காலையில் 8.9, ஐந்து நிமிடம் கழித்து 9.6 என்றால், "மெஷின் கெட்டுப்போய்விட்டது" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். நாள் ஒன்றுக்கு நான்கு தடவை குத்திப் பார்ப்பவர் 25 நாளில் நூறு தடவை பார்க்கிறார். அவற்றில் ஐந்து அந்த எல்லையையும் தாண்டினால்கூடக் கருவி தரத்தை மீறியதாகாது.

கீழே இறங்கும்போதுதான் எச்சரிக்கை தேவை. உண்மை அளவு 4.0 என்றால் கருவி 4.8 வரை காட்டலாம். 4.8 என்று பார்த்துவிட்டு, "பரவாயில்லை, சரியாகத்தான் இருக்கிறது" என்று படுத்துவிடுவது ஆபத்து. கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது என்றால் எண்ணோடு வாதாடிக்கொண்டிருக்காமல் முதலில் குளுக்கோஸையோ சீனித் தண்ணீரையோ குடியுங்கள். பிறகு மறுபடி பார்த்துக்கொள்ளலாம்.

கருவியால் வரும் பிசகு இவ்வளவுதான். நம்மால் வரும் பிசகு இதைவிடப் பெரியது என்பது என் கருத்து.

முதலில் கை. இன்றைய பட்டை உறிஞ்சுவது ஒரு மைக்ரோலிட்டர் அளவு ரத்தம், சிலவற்றுக்கு அதிலும் பாதி போதும். ஒரு மில்லிலிட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோலிட்டர். சீனி அளவு 5.5 உள்ள ரத்தத்தில், அத்துளிக்குள் இருக்கும் குளுக்கோஸ் ஏறத்தாழ ஒரு மைக்ரோகிராம். அதாவது ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு. அதே அளவு குளுக்கோஸ் விரல் நுனியில் ஒட்டியிருந்தால் போதும், 5.5 என்பது 11 ஆகிவிடும்! கண்ணுக்கே தெரியாது. ஜப்பானில் இதைச் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். ஆரஞ்சு, திராட்சை, கிவி பழங்களை உரித்த கையைக் கழுவாமல் குத்திப் பார்த்தபோது எண் தாறுமாறாக ஏறியது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தும் முழுமையாகப் போகவில்லை. குழாய்த் தண்ணீரில் கழுவிய பிறகே சரியான அளவு வந்தது.

கோயிலுக்கு வருகிறவர்கள் நாம். பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழம், தேன், பேரீச்சம்பழம் எல்லாம் இருக்கின்றன. அத்தனையிலும் குளுக்கோஸ் உண்டு. (வெள்ளைச் சீனியின் கதை வேறு. அது சுக்ரோஸ் என்பதால் பட்டையின் நொதி அதைக் குளுக்கோஸாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் எதைத் தொட்டோம் என்று யார் கணக்கு வைத்துக்கொண்டிருக்கப் போகிறார்கள்?) பிரசாதம் வாங்கிய கையோடு குத்திப் பார்த்து, 16 என்று கண்டு, பதறி இன்சுலினைக் கூட்டிப் போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சோப்பு போட்டுக் கழுவுங்கள், நன்றாகத் துடையுங்கள். ஈரக் கையும் கூடாது, தண்ணீர் ரத்தத்தில் கலந்து எண்ணைக் குறைத்துவிடும். ரத்தம் வரவில்லை என்று விரலை மாவு பிசைவதுபோல் பிசைவதும் கூடாது. கையைத் தொங்கவிட்டு உதறுங்கள், தானே வரும்.

அடுத்தது பட்டை டப்பா. நம் நாட்டுக் காற்றில் எப்போதும் ஈரம். டப்பாவின் உள்ளே ஈரத்தை உறிஞ்சும் பொருளை வைத்துத்தான் அனுப்புகிறார்கள். மூடியைத் திறந்தே வைத்தால், அல்லது நான்கு பட்டைகளை எடுத்து மாத்திரை டப்பாவில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டால், நொதி கெட்டுவிடும். கெட்ட பட்டையும் ஒரு எண்ணைக் காட்டும், அதுதான் சங்கடம். பெரும்பாலான பட்டைகளுக்கு 30 பாகை வெப்பமே எல்லை. வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்காதீர்கள். அதற்காகக் குளிர்பெட்டியிலும் வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் வியர்த்துவிடும். டப்பாவைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். திறந்த பிறகு இத்தனை மாதம்தான் என்று சில வகைகளுக்குக் கெடு உண்டு.

தமிழ்நாட்டுக்குப் போய்வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. இங்கே நாம் மில்லிமோல் கணக்கில் பார்க்கிறோம், அங்கே மில்லிகிராம் கணக்கு. நம் எண்ணை 18ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும். இங்கே 7.0 என்பது அங்கே 126. சென்னையில் வாங்கி வந்த கருவி 72 என்று காட்டினால் அது நம் கணக்கில் 4.0, தாழ்ந்த எல்லை. இன்னொரு குழப்பமும் உண்டு. இங்கே கருவி 12.6 என்று காட்ட, கண் மங்கிய பெரியவர் புள்ளியை விட்டுவிட்டு 126 என்று ஊருக்குத் தொலைபேசியில் சொல்கிறார். "அடடே, நல்லாத்தானே இருக்கு அத்தை" என்று அங்கிருந்து பதில் வருகிறது. 12.6 என்றால் அவர்கள் கணக்கில் ஏறத்தாழ 227!

இனி ரத்தத்தின் தன்மை. ரத்தசோகை உள்ளவர்களுக்குச் சிவப்பணுக்கள் குறைவு. அவர்களுக்குப் பல கருவிகள் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். டெங்கிக் காய்ச்சலிலோ கடுமையான நீரிழப்பிலோ ரத்தம் கெட்டியாகும்போது குறைத்துக் காட்டும். விரதமிருந்து காவடி எடுக்கும் நீரிழிவுக்காரர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். எந்த அளவு வரை கருவி தாங்கும் என்பது பெட்டிக்குள் இருக்கும் தாளில் அச்சாகியிருக்கும். பொடி எழுத்து, பேரப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள்.

சிறுநீரகம் பழுதாகி வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் இங்கே இருந்தால், தயவுசெய்து இதைக் கவனமாகக் கேளுங்கள். அந்த டயாலிசிஸ் திரவங்களில் ஐகோடெக்ஸ்ட்ரின் என்று ஒரு வகை உண்டு. அது உடலில் மால்டோஸ் என்னும் வேறொரு சர்க்கரையாக மாறுகிறது. ஜி.டி.எச்.-பி.கியூ.கியூ. என்ற நொதியைக் கொண்ட பட்டைகளுக்கு மால்டோஸுக்கும் குளுக்கோஸுக்கும் வேறுபாடு தெரியாது. இரண்டையும் கூட்டிக் காட்டிவிடும். உண்மையில் சீனி இறங்கி ஆள் மயங்கிக்கொண்டிருப்பார், கருவியோ மிக உயர்வு என்று சொல்லும். மேலும் இன்சுலின் போடுவார்கள். 1997 முதல் 2009 வரை இப்படி 13 பேர் இறந்ததாகத் தனக்கு அறிக்கைகள் வந்திருப்பதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2009 ஆகஸ்டில் எச்சரித்தது. அந்தத் திரவத்தை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்தக் கோளாறு இருக்கலாம். அதன்பின் பல நிறுவனங்கள் நொதியை மாற்றிவிட்டன. ஆனாலும் யாரோ கொடுத்த பழைய கருவி வீட்டில் இருக்கலாம் அல்லவா? "இந்தப் பட்டை எனக்கு ஆகுமா?" என்று டயாலிசிஸ் தாதியிடம் காட்டிக் கேட்காமல் பயன்படுத்தாதீர்கள்.

"கிளினிக்கில் எடுத்தால் ஒன்று, வீட்டில் எடுத்தால் ஒன்று" என்ற குறையைப் பலர் சொல்கிறார்கள். ஒப்பிட ஒரு முறை இருக்கிறது. ரத்தம் எடுக்க வெறும் வயிற்றில் போகும் நாளில் கருவியையும் எடுத்துச் செல்லுங்கள். தாதி கையில் ரத்தம் எடுத்த ஐந்து நிமிடத்துக்குள் விரலைக் குத்தி, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முடிவு வந்ததும் ஒப்பிடுங்கள். ஆய்வுக்கூடம் 8.0 என்றால் கருவி 6.8க்கும் 9.2க்கும் இடையில் இருக்கட்டும். சாப்பிட்ட பிறகு ஒப்பிடாதீர்கள். அப்போது விரல் ரத்தத்தில் சீனி, கை நரம்பு ரத்தத்தைவிட இயல்பாகவே கூடுதலாக இருக்கும். எங்கள் ஆய்வுக்கூடத் தொழிலையும் நான் உயர்த்திப் பேசப் போவதில்லை. எடுத்த ரத்தத்தைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருந்தால், ரத்த அணுக்கள் அதிலுள்ள குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு வரை குறையும். தொலைவிலுள்ள கிளினிக்கில் எடுத்த ரத்தம் மதியம் வரை காத்திருந்தால் அந்த எண்ணும் முழு உண்மையன்று.

கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் இப்போது பரவிவருகிறது. அது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் உள்ள நீரை அளக்கிறது. ஆகவே சீனி வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் சில நிமிடங்கள் பின்தங்கும். அந்தக் கையின் மேல் படுத்துத் தூங்கினால் பொய்யாகக் குறைத்தும் காட்டும். ஆனால் அது உண்மையான கருவி. குத்தவே வேண்டாம், மோதிரமோ கைக்கடிகாரமோ போட்டாலே சீனி தெரியும் என்று இணையத்தில் விற்கிறார்களே, அவற்றை வாங்காதீர்கள். தோலைத் துளைக்காமல் தானே சீனியை அளக்கும் கடிகாரம், மோதிரம் எதற்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க நிர்வாகம் 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக அறிவித்தது.

நன்கொடையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். வசதி குறைந்த குடும்பங்களுக்குக் கருவி வாங்கித் தரும் நல்ல உள்ளங்கள் உங்களிடையே இருக்கின்றன. கருவியின் விலை பெரிதன்று, மாதாமாதம் பட்டை வாங்குவதுதான் கையைக் கடிக்கும். பத்துக் கருவி தருவதைவிட, நான்கு கருவியும் அவற்றுக்கு ஓராண்டுக்குரிய பட்டையும் தருவது பயனுள்ளது. பட்டை தீர்ந்ததும் அந்த முதியவர் காலாவதியானதைத்தான் தேடிப் போடுவார். 2013ஆம் ஆண்டுத் தரத்துக்கு உட்பட்டதா, மில்லிமோல் காட்டுகிறதா, எண் பெரிதாகத் தெரிகிறதா என்று கேட்டு வாங்குங்கள். கட்டுப்பாட்டுத் திரவம் ஒரு குப்பியும் சேர்த்து வாங்குங்கள். அதில் ஒரு சொட்டைப் பட்டையில் வைத்தால், டப்பாவில் அச்சிட்டிருக்கும் எல்லைக்குள் எண் வர வேண்டும். வராவிட்டால் பட்டையையோ கருவியையோ மாற்ற வேண்டும். நம் வீடுகளில் இதைச் செய்து பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

இன்று கருவியோடு வந்திருப்பவர்கள் பின்பக்க மேசைக்கு வாருங்கள். சில வகைக் கருவிகளுக்குரிய திரவம் வைத்திருக்கிறோம், பார்த்துச் சொல்கிறோம். பட்டை டப்பாவையும் மறவாமல் எடுத்து வாருங்கள், கருவி மட்டும் போதாது. அன்னதானத்துக்குப் போகும் முன்பே வந்துவிட்டால் நல்லது.