பத்தாண்டுகளுக்குப் பின் நான்



பள்ளி இறுதி வகுப்பின் பிரிவு விழா எல்லா ஊர்களிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே நடைபெறுகிறது. ஒருவர் ஏட்டில் மற்றொருவர் கையெழுத்திடுவதும், வகுப்பு முழுவதும் மரத்தடியில் வரிசையாக நின்று புகைப்படம் எடுத்துக்கொள்வதும் எங்கும் காணும் காட்சிகளே. ஆயினும் திருப்பூர்ப் பள்ளிகளில் எடுக்கப்படும் அந்தப் புகைப்படத்தை உற்று நோக்கினால் ஒன்று விளங்கும். ஆறாம் வகுப்பில் உடன் சேர்ந்தவர்களுள் சிலர் அதில் இருக்கமாட்டார்கள். அவர்கள் வெளியூர் சென்றுவிட்டவர்கள் அல்லர். பள்ளிச் சுவருக்கு அப்பால், இரண்டு தெரு தள்ளி, ஏதேனும் ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டிக்கொண்டோ, தையற்காரர் அருகில் கைமடியாக நின்றுகொண்டோ இருப்பார்கள். பள்ளி மணி ஓசை அவர்கள் காதிலும் விழும்.

மற்ற ஊர்களில் படித்து முடித்த இளைஞன் வேலையைத் தேடிச் செல்கிறான். எங்கள் ஊரிலோ வேலை பிள்ளையைத் தேடி வருகிறது. அவன் படித்து முடிக்கும்வரை அது காத்திருப்பதும் இல்லை. ஆசிரியர் கூறும் பயன் ஐந்தாண்டு கழித்து வருவது. கம்பெனி தரும் கூலி சனிக்கிழமை மாலையே கைக்கு வருவது. வீட்டில் வாடகையும் மளிகைக் கடனும் நிற்கும்போது, பதினைந்து வயதுச் சிறுவன் இவ்விரண்டில் எதை எடுத்துக்கொள்வான் என்று வியப்பதற்கு ஒன்றுமில்லை. இவ்வூரின் பெயரோடு தம் பெயரைப் பிணைத்துச் சென்ற குமரனே வறுமையால் தொடக்கப் பள்ளியோடு படிப்பை நிறுத்திக்கொண்டவர். 1932 ஜனவரி 11-ஆம் நாள் தடியடிக் காயத்தால் உயிர் நீத்தபோது அவருக்கு வயது 27.

நான் பள்ளியில் பயின்ற நாளில் பதினோராம் வகுப்போடு பள்ளிப் படிப்பு முடிந்துவிடும். பிறகு கல்லூரியில் ஓராண்டு புகுமுக வகுப்பு. 1978-இல் மேல்நிலை வகுப்பு வந்தது. பள்ளி ஓராண்டு நீண்டது. தறியும் தையல் பொறியும் அந்த ஓராண்டைப் பொறுத்துக்கொள்ளவில்லை.

ஆசிரியப் பயிற்சி பெற்றபோது எங்கள் பேராசிரியர் ஒருவர் அடிக்கடி கூறுவதுண்டு: மாணவன் எழுதியதைத் திருத்துவது எளிது, அவன் எழுதாமல் விட்டதைப் படிக்கப் பழகுங்கள் என்று. 1984-இல் தமிழாசிரியனாகப் பணியேற்றது முதல், தலைமையாசிரியனாக 2018-இல் ஓய்வு பெற்றது வரை, ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி மாதத்தில் ஒரு பாடவேளையைப் பன்னிரண்டாம் வகுப்பிடமிருந்து கேட்டு வாங்கிக்கொள்வேன். தலைப்பு ஒன்றே: ‘பத்தாண்டுகளுக்குப் பின் நான்.’ மதிப்பெண் கிடையாது.

தொடக்க ஆண்டுகளில் ஆண்பிள்ளைகளின் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே பாதையில் செல்லும். நான்கு தையல் பொறி வாங்கிப் போடுவேன், பிறகு பத்தாக்குவேன், தங்கையின் திருமணத்தை முடிப்பேன், கார் வாங்குவேன். நான் பணியேற்ற அதே 1984-இல் பஞ்சப்படி கோரிப் பனியன் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் 127 நாட்கள் நீடித்தது. அந்தப் பசி நாட்களின் சுவடு ஆறாத வகுப்பிலும் எவனும் ‘நல்ல கூலி பெறும் தொழிலாளி ஆவேன்’ என்று எழுதவில்லை. வேலைநிறுத்தத்தில் நின்றவர்களின் பிள்ளைகளும் முதலாளி ஆவேன் என்றே எழுதினார்கள்.

இதை வெறும் பகற்கனவு என்று தள்ளிவிட முடியாது. கிணற்று நீரை நம்பிப் புன்செய் உழுத குடும்பத்தினர் பலர், பனியன் தொழிலில் கூலிக்கு அமர்ந்து, கூட்டாளியோடு சேர்ந்து பட்டறை வைத்து, முதலாளிகளாக உயர்ந்ததை இவ்வூர் கண்ணாரக் கண்டது. 1920-களிலும் 1930-களிலும் சிறிதாகத் தொடங்கிய பின்னல் தொழில், 1970-களின் இறுதியில் இத்தாலிய வணிகர் வெள்ளைப் பனியன் தேடி வந்த பின்னர்க் கடல் கடந்தது. 1985 அளவில் 20 கோடி ரூபாயை எட்டாத ஏற்றுமதி, 2024-25-இல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாயாக வளர்ந்திருக்கிறது. ஒரு மனிதனின் பணிக்காலத்துக்குள் இத்தனையும் நடந்தன. தன் தெருவிலேயே இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை கனவு காணாமல் என்ன செய்வான்?

பெண்பிள்ளைகளின் கட்டுரைகள் அந்நாளில் மிகக் குறுகியவை. ஆசிரியை ஆவேன், செவிலி ஆவேன் என்று இரண்டு வரி எழுதி, மீதித் தாளை வெற்றாக விட்டுவிடுவார்கள். அந்த வெற்றிடத்தில் இருந்தது என்னவென்று எல்லோருக்கும் தெரியும்: திருமணம். பெண்களுக்கென எல்.ஆர்.ஜி. அரசு கலைக் கல்லூரி 1971 முதலே ஊரில் இருந்தபோதிலும், எங்கள் பள்ளியிலிருந்து அங்குச் சென்றவர்களை அன்று விரல்விட்டு எண்ணிவிடலாம். 2000-க்குப் பிறகு அந்தத் தாள்கள் நிறையத் தொடங்கின. வங்கி, காவல்துறை, ஆடை வடிவமைப்பு, வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலை என்று பெண்கள் மூன்று பக்கம் எழுதினார்கள். அதே காலத்தில் பையன்களின் கட்டுரைகள் சுருங்கின என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நான்கு பொறியில் தொடங்கலாம் என்ற நம்பிக்கை, தொழில் பெரிதாகப் பெரிதாக, குறைந்துகொண்டே வந்தது.

தேனி, திண்டுக்கல் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்தோரின் பிள்ளைகள் முதலில் வந்தார்கள். பின்னர் ஒடிசா, பீகார் குடும்பத்துப் பிள்ளைகளும் தமிழ் படித்துத் தமிழிலேயே கட்டுரை எழுதினார்கள். அவர்கள் பத்தாண்டுக்குப் பின் என்று எழுதும்போதெல்லாம், விட்டுவந்த ஊரில் கட்டப்போகும் வீட்டைப் பற்றி எழுதுவார்கள்.

இத்தனை ஆண்டுகளில் எழுதப்படாமல் விடுபட்டவை எவை? நொய்யல் ஆற்றைப் பற்றி எவரும் எழுதவில்லை. நீதிமன்றத்தைப் பற்றியும், அயல்நாட்டு வரியைப் பற்றியும் எழுதவில்லை. ஆனால் அவர்களுடைய பத்தாண்டுகளைப் பெரிதும் முடிவு செய்தவை இவைதாம். 2011 ஜனவரி இறுதியில், சாயக் கழிவால் நொய்யல் பாழானதை முன்னிட்டு, 700-க்கும் மேற்பட்ட சாய ஆலைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஆற்றின் தரப்பில் நியாயம் இருந்தது. அதில் எனக்கு ஐயமில்லை. ஒரத்துப்பாளையம் அணையின் நீரைக் கண்ட உழவர் எவருக்கும் ஐயம் இருக்காது. ஆனால் பொதுத்தேர்வுக்கு ஒரு மாதமே இருந்த என் வகுப்பில், சாயப்பட்டறைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் திடீரென்று வராமற்போனார்கள். ஒருவனுடைய தந்தை குடும்பத்தோடு சொந்த ஊர் திரும்பினார். அவனை நண்பன் வீட்டார் தங்கவைத்துச் சோறிட்டுத் தேர்வு எழுதச் செய்தனர். 2025 ஆகஸ்ட் 27-இல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது, வாஷிங்டனில் எடுத்த முடிவு எங்கள் தெருத் தேநீர்க் கடையில் அன்றே பேசப்பட்டது.

‘படிக்காவிட்டால் பனியன் கம்பெனிக்குத்தான் போவாய்’ என்று வகுப்பில் மிரட்டும் ஆசிரியர்கள் உண்டு. நான் தலைமையாசிரியனான பின்பு இதைப் பள்ளியில் கூடாது என்று நிறுத்தினேன். கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையின் தாய் அப்போது ஓவர்லாக் பொறியின் முன் அமர்ந்திருக்கிறாள். அவன் சட்டையும் புத்தகமும் அந்தக் கூலியில் வந்தவை. பெற்றோரின் தொழிலைத் தண்டனையாகக் காட்டும் பள்ளியை அவன் எப்படி மதிப்பான்? மேலும், பாதியில் நின்றவர்களுள் சிலர் முதலாளிகளாகிப் பட்டதாரிகளுக்கு வேலை கொடுக்கிறார்கள் என்பதும் உண்மை. அதை மறைத்துப் பேசுவது ஆசிரியனுக்கு அழகன்று. ஆனால் அத்தகைய ஒருவரைச் சுட்டிக்காட்டும்போது, அவரோடு நின்ற மற்றவர்கள் இருபது ஆண்டுகளாக அதே பொறியில் அமர்ந்திருப்பதையும் கூடவே காட்ட வேண்டும். வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயர்கள் என்னிடம் இருந்தன.

சட்டத்தின் நிலையையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவது போன்ற சில விலக்குகள் நீங்கலாக, 14 வயது நிரம்பாதோரை வேலைக்கு வைப்பதை 2016-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் முற்றிலும் தடை செய்தது. 14 முதல் 18 வயது வரையில் அபாயம் நிறைந்த தொழில்களில் மட்டுமே தடை. அந்த இடைவெளி எதுவென்று எண்ணிப் பாருங்கள்: ஏறத்தாழ ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை! அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கப்பட்டன. தையற்காரர் ஒருவரின் ஒரு வாரக் கூலிக்கும் இது குறைவுதான். எனினும் பேருந்துக் கட்டணத்துக்கு ஆயிற்று. வீட்டில் கை நீட்ட வேண்டியதில்லை என்று மாணவியர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

2011-ஆம் ஆண்டு வகுப்பில் வணிகவியல் பயின்ற ஒரு மாணவி, கணக்காளர் ஆவேன் என்று ஒரே வரி எழுதியிருந்தார். 2017-இல் சரக்கு-சேவை வரி வந்தபோது சிறு பட்டறைக்காரர்கள் திணறினார்கள். இன்று அவர் பத்துப் பன்னிரண்டு பட்டறைகளுக்கு வரிக் கணக்கு எழுதித் தருகிறார். அவற்றுள் இரண்டு, அவரோடு படித்து ஒன்பதாம் வகுப்போடு நின்றவர்கள் நடத்துபவை. அவர்களுள் ஒருவர் அண்மையில் என் வீட்டுக்கு வந்திருந்தார். தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுத வேண்டுமாம். இனி வரும் ஆர்டர்க் கடிதங்களையாவது தாமே படித்துக்கொள்ள வேண்டும் என்றார். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குப் போகும் நாட்களில் பட்டறையை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் அவருடைய கவலை. சனிக்கிழமை மட்டும் வர இயலாது, ஆட்களுக்குச் சம்பள நாள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.