மோப்பத்தில் பிறந்த விவேகம்

இன்று ஓர் ஆங்கிலச் சொல்: சகாசிட்டி. சரியாக எடைபோட்டு முடிவெடுக்கும் விவேகம் என்று பொருள்.

இதன் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. அங்கே 'சகாக்ஸ்' என்றால் கூர்மையாக உணர்கிற என்று அர்த்தம். ரோமானியர்கள் அதை யாருக்குச் சொன்னார்கள் தெரியுமா? வேட்டை நாய்க்கு! இரை கண்ணில் படாது. ஆனால் மோப்பம் காட்டிக் கொடுத்துவிடும். 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலும் மோப்ப சக்தி என்ற பொருள் இருந்தது. பிறகு மனித விவேகத்துக்கே அது நிலைத்துவிட்டது.

நம்ம மலாக்கா டுரியான் துங்காலில், டுரியான் பழ சீசனில் கவனியுங்கள். விவரம் தெரிந்தவர் முதலில் விலை கேட்கமாட்டார். காம்பைப் பார்ப்பார். காதருகே வைத்து லேசாக ஆட்டுவார். முகர்ந்து பார்ப்பார். "இது வேணாம் அண்ணே, அதைக் குடுங்க" என்பார். முள்தோலைப் பிளக்காமலே உள்ளே இருக்கும் சுளையை அறிந்துவிடுவார்.

விவேகமும் அதுதான். தெரிகிற சின்ன அடையாளத்தை வைத்துத் தெரியாததை அறிவது.

"இன்னைக்கே பணம் கட்டுங்க, நாளைக்குக் கிடைக்காது" என்று யாராவது அவசரப்படுத்தினால், அந்த அவசரமே ஓர் அடையாளம். கொஞ்சம் நில்லுங்கள். விசாரியுங்கள். பிறகு முடிவெடுங்கள்.