குறைத்தாலும் குறையாத குரல்
(பொன்விழாவையொட்டிப் பாடகர் குழுவினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பழைய பாடகர் குழுவின் ஒலிநாடாக்கள் அனைத்தையும் கணினியில் ஏற்றி முடித்துவிட்டோம். அவற்றில் பாடியவர்கள் பலர் இன்று நம்மிடையே இல்லை. நாடாக்களும் நலிந்து வருகின்றன. எனவேதான் நொடிக்கு 96,000 மாதிரிகள், மாதிரிக்கு 24 பிட் என்னும் உயர்ந்த அளவில் பதிந்தோம். இனி வீடுதோறும் கேட்பதற்கு இவற்றை எந்த மாதிரி வீதத்திற்கு மாற்றுவது என்பதே நம்முன் உள்ள கேள்வி.

மாதிரி வீதம் என்பது யாது? ஒலி அலையை நொடிக்கு எத்தனை முறை அளந்து எண்ணாக எழுதுகிறோம் என்பதே. ஓர் ஒலியைத் திரும்பப் பெற, அதன் அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேல் அளந்தால் போதும். நைக்விஸ்ட் 1928-இல் காட்டிய வழியில் சென்று ஷானன் 1949-இல் இதனை நிறுவினார். மனிதச் செவி ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். முதுமையில் அதுவும் குறையும். ஆகவே 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டிற்கு 44,100 என்னும் வீதமே போதுமானதாயிற்று.

96,000-த்தைச் சரிபாதியாக்கினால் 48,000 வரும். 44,100-க்கு அப்படி முழு எண்ணாக வகுபடாது. அதனால் ஒலி கெடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். பழைய கருவிகளைப் பொறுத்தவரை அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது. இன்றைய நல்ல மென்பொருள்கள் செவிக்குத் தெரியும் குறையின்றி மாற்றித் தருகின்றன. எனவே சேரும் இடத்தைப் பார்த்தே வீதத்தைத் தேர்வோம்: குறுந்தகட்டிற்கு 44,100, ஒளிப்படக் காட்சியுடன் சேர்ப்பதற்கு 48,000.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். வீதத்தைக் குறைக்குமுன், புதிய வீதத்தின் பாதிக்கு மேற்பட்ட அதிர்வுகளை வடிகட்டிவிட வேண்டும். வடிகட்டாமல் 44,100-க்கு மாற்றினால், செவிக்கு எட்டாத 30,000 ஹெர்ட்ஸ் ஒலி, 14,100 ஹெர்ட்ஸ் ஒலியாக உருமாறிப் பாட்டில் கலந்துவிடும். நல்ல மென்பொருள் இவ்வடிகட்டலைத் தானே செய்யும். கண்டதைக் கொண்டு மாற்றலாகாது.

"மாற்றியான பின் பெரிய கோப்புகள் எதற்கு? அழித்துவிட்டால் இடம் மிஞ்சுமே" என்று நம் இளைஞர்கள் கேட்கிறார்கள். ஒரு மணி நேரப் பதிவுக்கு மூலம் ஏறக்குறைய 2 ஜி.பி.; குறுந்தகட்டு அளவில் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மிச்சம் உண்மைதான். ஆனால் 44,100-ஐ மீண்டும் 96,000 ஆக்கினால் கோப்புதான் பெருக்கும். போன ஒலி திரும்பாது. பாலில் தண்ணீர் ஊற்றிப் பெருக்குவது போன்றதே அது. நாளை இரைச்சலை நீக்க இதைவிட நல்ல வழி பிறக்கலாம். அன்று கைகொடுப்பது மூலமே.

ஆதலால் கேட்பதற்குச் சிறிய பிரதிகளைத் தாராளமாக எடுப்போம். மூலத்தையோ இரண்டு வட்டுகளில், இரண்டு வேறு இடங்களில் வைத்து, ஆண்டுக்கொரு முறை திறந்து சரிபார்ப்போம். பாடியவர்களை மீண்டும் அழைத்துப் பாடச் சொல்ல நம்மால் இயலாது.