மஞ்சளாற்றின் வழியே மலைக்கு

பாறையும் ஏரியும் காடும் ஒருங்கே அமைந்த நிலத்தைக் காண வேண்டுமாயின் கடல் கடந்து செல்ல வேண்டும் என்பதில்லை. வத்தலக்குண்டில் பேருந்து ஏறினால் போதும். சுதந்திர வீரர் சுப்பிரமணிய சிவாவையும், 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜம் ஐயரையும், சிறுகதை ஆசிரியர் பி. எஸ். ராமையாவையும் ஈன்ற ஊர் அது. வெற்றிலைக் கொடிக்காலும் தென்னந்தோப்பும் சூழ்ந்த அவ்வூரிலிருந்து கொடைக்கானலுக்குச் செல்லும் சாலையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

அந்தச் சாலையில் நான் பலமுறை சென்றிருக்கிறேன். ஆனால் என் பெரியப்பாவுடன் சென்ற அன்றுதான் அதைக் கண்டேன் என்று சொல்ல வேண்டும். அவர் வத்தலக்குண்டுக்கு அருகே மஞ்சளாற்றுப் பாசனத்தில் வாழை பயிரிடுகிறவர். மலையை நாள்தோறும் கண்டவரேயன்றி, மலைமேல் ஏறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

சமவெளியில் நம்மூர் ஏறத்தாழ ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானலோ ஏழாயிரம் அடி. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள ஆறாயிரம் அடியையும் இரண்டு மணிப் பொழுதில் ஏறிவிடுகிறோம். முன்னாளில் இது எளிதன்று. 1845ஆம் ஆண்டு அமெரிக்கப் பாதிரிமார் கொடைக்கானலில் வீடு கட்டிய காலத்தில், பெரியகுளத்துப் பக்கத்திலிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதைதான் உண்டு. செல்வர்களை நாற்காலியில் வைத்துக் கூலியாட்கள் தோளில் சுமந்து சென்றனர். பின்னர் மேஜர் லா என்பவர் அளந்து வகுத்த வழியே இன்றைய சாலை. அதில் மோட்டார் வண்டிகள் ஏறத் தொடங்கியது 1910க்குப் பிறகுதான். சாலைக்கு லா என்பவரின் பெயர் நிலைத்தது. பாறையைப் பிளந்த கைகளின் பெயர்களை எந்தக் கல்லும் கூறவில்லை.

காட்ரோடு பிரிவைக் கடந்ததும் வளைவுகள் தொடங்குகின்றன. புளியும் முட்புதரும் பின்தங்குகின்றன. ஒரு திருப்பத்தில் கீழே மஞ்சளாறு அணை கண்ணாடித் துண்டைப் போல ஒளிர்கிறது. இன்னும் ஏறினால் டம்டம் பாறை. அங்கே எல்லோரும் இறங்கினோம். எதிரே, கரும்பாறை முகத்தில், தலையாறு அருவி தொங்குகிறது. எலிவால் அருவி என்பது அதன் மற்றொரு பெயர். ஏறத்தாழ 975 அடி உயரத்திலிருந்து விழுவது. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த அருவி அதுவே.

மற்றவர்கள் படம் எடுப்பதில் முனைந்திருந்தனர். பெரியப்பா மட்டும் கண்களுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"ஏப்பா, இது நம்ம மஞ்சளாத்துத் தண்ணிதானே?"

"ஆமாம் பெரியப்பா."

"இங்கே நூலாட்டம் விழுந்தா, கீழே வாய்க்கால் எப்படிப்பா நிறையும்?"

நான் காட்சியைக் கண்டேன். அவர் தம் வயலின் தண்ணீரைக் கண்டார். அக்கேள்வி வழி முழுதும் என்னுடன் வந்தது.

ஊத்து, பெருமாள்மலை ஆகியவற்றைக் கடந்து வெள்ளி அருவிக்கு வந்தோம். கொடைக்கானல் ஏரி நிரம்பி வழியும் நீரே அந்த அருவி. ஏரியும் இயற்கையாக அமைந்ததன்று. 1863ஆம் ஆண்டில் லெவிஞ்சு என்னும் ஆங்கில அதிகாரி ஓடையை மறித்து உண்டாக்கியது. அதற்கு அப்பால், 1906ஆம் ஆண்டில் நடத் தொடங்கிய பைன் காடு. வானளாவிய மரங்கள், வரிசை வரிசையான தூண்கள். அழகுதான். ஆனால் பெரியப்பா கைத்தடியால் தரையைக் கிளறிப் பார்த்தார். உலர்ந்த ஊசியிலைகளே கிடந்தன. "புல்லே இல்லையேப்பா" என்றார்.

மறுநாள் வனத்துறையின் அனுமதி பெற்றுப் பேரிஜம் ஏரிப் பக்கம் சென்றோம். அந்த நீர் நம் மஞ்சளாற்றுக்கு வருவதன்று. பெரியகுளத்து மக்கள் குடிப்பது. ஆயினும் மலை நீரைக் காக்கும் முறை அங்கே கண்ணுக்குப் புலப்படுகிறது. மேட்டில் புல்வெளி, மடிப்புகளில் அடர்ந்த சோலை. புல்லின் வேரும் சோலையின் இலைமண்ணும் மழையை ஏந்திக்கொண்டு சிறுகச் சிறுக விடுகின்றன. ஆகையால்தான் மழை ஓய்ந்த பின்னும் ஓடை ஓடுகிறது. பெரியப்பா குனிந்து சதுப்பில் கையை அழுத்தினார். விரல்களைச் சுற்றித் தண்ணீர் ஊறிற்று. "கேணி மேலேதான் இருக்கப்பா" என்றார்.

அந்தக் கேணியைத்தான் நாம் தூர்த்து வருகிறோம். தோல் பதனிடும் பட்டைக்காகவும் விறகுக்காகவும் காகிதக் கூழுக்காகவும் சீகை, தைலமரம் முதலியவற்றைப் புல்வெளிகளில் நட்டார்கள். வெற்று நிலத்தை வனமாக்குகிறோம் என்றே அவர்கள் எண்ணினர். மர நடவாலும் வேளாண்மையாலும், 1973 முதல் நாற்பது ஆண்டுகளில் பழனிமலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதென்று ஆய்வாளர் கணித்துள்ளனர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சிக்கும் அப்புல்வெளியே தாயகம். எல்லா மரத்தையும் வெட்டிவிடுவதே பரிகாரம் என்று கூறவும் இயலாது. பழைய சீகையின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் தாமாக முளைப்பதும் உண்டு. பொறுத்துப் பார்த்துச் செய்யவேண்டிய வேலை இது.

2013ஆம் ஆண்டு இம்மலைக்காடு வனவிலங்குச் சரணாலயமாயிற்று. 2024ஆம் ஆண்டு மே மாதத்தில், உயர்நீதிமன்ற ஆணையின்படி, வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. அதனைத் தொல்லை என்று முணுமுணுப்போர் உண்டு. அவர்கள் டம்டம் பாறையில் ஒரு நிமிடம் நின்று, என் பெரியப்பாவின் கேள்வியைத் தமக்குள் கேட்டுக்கொள்ளட்டும்.

மாணவ நண்பர்களே, அடுத்த குறிஞ்சி 2030ஆம் ஆண்டில் மலரக்கூடும். அன்று நீங்களும் அச்சாலையில் ஏறுவீர்கள். அருவியைக் காணும்போது, அது எங்கிருந்து வருகிறது என்று மேலேயும், யாருக்குப் போகிறது என்று கீழேயும் பாருங்கள். அப்பொழுதுதான் அந்தப் பயணம் நிறைவு பெறும்.